அந்த ரப்பரை அவிழ்த்துடுங்கப்பா

வானொலியில் பேசுகிறவர்களுக்கு ஒரு சின்ன ஆசை உண்டு. ஊரே கேட்கிறதோ இல்லையோ, வீட்டில் இருக்கிறவர்கள் நம் நிகழ்ச்சியைக் கேட்க வேண்டும். என் அப்பா ஒருநாளும் தவறவிட்டதில்லை. ஆனால் கொஞ்ச காலமாக வானொலிப் பெட்டியின் சத்தம் கூடிக்கொண்டே போனது. பக்கத்து வீட்டு மக்சிக்குக்கூட நான் பேசுவது கேட்கும் என்று அம்மா சிரிப்பார்.

ஒருநாள் அப்பாவே சொன்னார்: "உன் குரல் கேக்குதும்மா. என்ன சொல்றேன்னுதான் பிடிபடல."

எனக்குச் சுருக்கென்றது. ஒலியோடு வேலை செய்வதால் அதன் பொருள் புரிந்தது. இரைச்சலால் காது பழுதாகும்போது முதலில் போவது கீச்சொலிகளைப் பிரித்தறியும் திறன்தான். குரலின் கனம் கேட்கும். ஆனால் ஸ், ஷ், ஃப் போன்ற மெல்லிய ஒலிகள் நழுவிவிடும். சொல் பாதியாக வந்து சேரும்.

அப்பா பள்ளிக்கூடத்தில் துக்காங் கெபுனாக இருந்தவர். 60 வயதில் பணி ஓய்வு பெற்றதும், பின்னால் நடந்து தள்ளுகிற பெரிய புல்வெட்டும் மெசின் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கினார். தாமானில் சில வீடுகள், ஒரு சிறிய கோயில் வளாகம் என்று குத்தகைக்கு வெட்டுகிறார். இத்தனை வருடத்தில் அவர் காதில் எதுவும் மாட்டி நான் பார்த்ததில்லை.

காது விஷயத்தை எப்படிப் பேசுவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே அந்தச் சனிக்கிழமை வந்துவிட்டது. முதல் நாள் இரவு நல்ல மழை. ஒரு வீட்டின் ஓரத்தில் லோங்காங்கை ஒட்டிய சரிவில், மேலும் கீழுமாக மெசினைத் தள்ளியிருக்கிறார் அப்பா. காலில் ஜப்பான் சிலிப்பர். ஈரப்புல்லில் கால் வழுக்கியது. கை ஹேண்டிலை விட்டது. மெசின் நிற்கவில்லை. சுற்றிக்கொண்டே அவரை நோக்கி இறங்கி வந்தது.

காலை இழுத்துக்கொண்டார். சிலிப்பரின் முன்பாதி போயிற்று. விரல்கள் ஐந்தும் இருக்கின்றன.

நான் அப்போது நிகழ்ச்சியில் இருந்தேன். இரவு வீட்டுக்கு வந்ததும் அம்மா அந்தச் சிலிப்பரைக் காட்டினார். கைவிட்டால் தானாக நிற்க வேண்டிய மெசின் ஏன் நிற்கவில்லை? கொட்டகைக்குப் போய்ப் பார்த்தேன். ஹேண்டிலோடு சேர்த்துப் பிடிக்க வேண்டிய கம்பி, பழைய சைக்கிள் டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது.

"நாள் முழுக்கப் பிடிச்சா கை வலிக்குதும்மா" என்றார் அப்பா. பொய்யில்லை. ஆனால் அந்த ரப்பர் கட்டியிருந்தது ஒரு கம்பியை மட்டும் அல்ல.

கம்பி எதற்கு?

மறுநாள் மெசினை லோரியில் ஏற்றி, எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனோம். அவர் ரப்பரைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "அங்கிள், இது பிரேக்கைக் கழற்றி வெச்சிட்டுக் கார் ஓட்டுற மாதிரி" என்றார்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 21 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றினால், அதன் முனை மணிக்குச் சுமார் 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அந்த வேகத்தில் ஒரு கல் பட்டால் அது தோட்டாதான். அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கான இவ்வகை மெசின்களுக்கு 1982 முதல் ஒரு விதி உண்டு. கம்பியை விட்டதும் 3 விநாடிக்குள் பிளேடு நின்றுவிட வேண்டும். கைவிட்டால் நிற்கும் இந்த ஏற்பாடு இன்று பெரும்பாலான மெசின்களில் இருக்கிறது.

இதில் இரண்டு வகை உண்டு. சில மெசின்களில் கம்பியை விட்டால் எஞ்சினும் சேர்ந்து அணையும். தொழிலுக்கென்று செய்த சில மெசின்களில் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும், பிளேடு மட்டும் நிற்கும். உங்களுடையது எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். இரண்டாவது வகையில் பிளேடு நின்றுவிட்டது என்று நம்பிக் கையை உள்ளே விடக்கூடாது. எஞ்சின் அணைந்தால்தான் வேலை.

வெட்டுவதற்கு முன்

அண்ணன் சொன்ன முதல் பாடம், மெசினைத் தொடுவதற்கு முன் இடத்தை ஒரு சுற்று நடந்து பார்ப்பது. கல், தகர டின், கண்ணாடி, கம்பித்துண்டு, தேங்காய்ச் சிரட்டை எல்லாவற்றையும் பொறுக்கி எடுக்க வேண்டும். கோயில் வளாகமென்றால் உடைத்த தேங்காயின் ஓடுகள் புல்லுக்குள் ஒளிந்திருக்கும். தண்ணீர்க் குழாய் மூடி, மரவேர் இருக்கும் இடங்களை அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிறகு உடை. முன்பக்கம் கெட்டியான, வழுக்காத சேப்டி ஷூ. நீளக் கால்சட்டை. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. காதுக்கு இயர்மஃப். சிலிப்பர் வேண்டவே வேண்டாம்.

புல் ஈரமாக இருந்தால் காயும்வரை காத்திருப்பது நல்லது. ஈரப்புல் காலையும் வழுக்கும், பிளேடு மூடிக்குள்ளும் கட்டிக்கொள்ளும். சரிவில் இந்த வகை மெசினைக் குறுக்காகத்தான் தள்ள வேண்டும். மேலும் கீழுமாகப் போனால், வழுக்கும்போது மெசின் நம்மேல் வரும், இல்லையென்றால் நாம் அதன்மேல் போவோம். நிற்கவே சிரமமான செங்குத்துச் சரிவை மெசினுக்கு விட வேண்டாம். பின்பக்கமாக இழுத்து வெட்டும் பழக்கமும் ஆபத்து. கட்டாயம் இழுக்க வேண்டியிருந்தால் திரும்பிப் பார்த்துவிட்டு இழுங்கள். குழந்தைகள் சத்தம் போடாமல் பின்னால் வந்து நிற்பார்கள். அந்த இரைச்சலில் யாருக்கும் கேட்காது, அப்பாவுக்குச் சொல்லவே வேண்டாம்.

புல் அடைத்துக்கொண்டால் எஞ்சினை அணைத்து, பிளேடு முழுதாக நிற்கும்வரை காத்திருங்கள். ஸ்பார்க் பிளக்கின் வயரைக் கழற்றி, திரும்ப ஒட்டாதபடி ஒதுக்கி வையுங்கள். அதற்குப் பிறகு ஒரு குச்சியால் புல்லைத் தள்ளுங்கள். கை வேண்டாம். வயர் மாட்டியிருக்கும்போது பிளேடைக் கையால் திருப்பினால் எஞ்சின் சட்டென்று உயிர் பெறக்கூடும்.

பெட்ரோலும் ஆயிலும்

முதுகில் மாட்டும் புல்வெட்டி பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக். அதற்குப் பெட்ரோலில் 2டி ஆயில் கலக்க வேண்டும். தள்ளும் மெசின்கள் பெரும்பாலும் ஃபோர் ஸ்ட்ரோக். பெட்ரோல் தனி, எஞ்சின் ஆயில் தனி. இரண்டையும் வைத்திருப்பவர்கள் டின்களில் பெரிதாக எழுதி வைப்பது நல்லது. ஆயில் கலக்காத பெட்ரோல் டூ ஸ்ட்ரோக்குக்குள் போனால், கொஞ்ச நேரத்தில் எஞ்சின் இறுகிவிடும்.

சூடான எஞ்சினில் பெட்ரோல் ஊற்றக்கூடாது. பத்து, பதினைந்து நிமிடம் ஆறவிடுங்கள். வாயில் சிகரெட் கூடவே கூடாது. பெட்ரோல் நிலையத்தில் டின்னைத் தரையில் வைத்து நிரப்புங்கள். லோரியின் பின்தட்டில் வைத்தபடி நிரப்பினால் நிலைமின்னால் தீப்பொறி வரும் அபாயம் உண்டு. மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓட்டிப் பார்ப்பதும் வேண்டாம். அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது.

ஒவ்வொரு முறையும் ஸ்டார்ட் செய்வதற்கு முன், சமதரையில் நிறுத்தி ஆயில் அளவைப் பாருங்கள். எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவது என்பது மெசினுக்கு மெசின் வேறுபடும். கையேட்டில் இருக்கும். புது எஞ்சினுக்கு முதல் மாற்றம் மட்டும் சீக்கிரமே வரும். காற்று வடிகட்டியில் தூசி அடைத்தால் எஞ்சின் திணறும், பெட்ரோலும் கூடக் குடிக்கும். எஞ்சினைச் சுற்றியுள்ள உலோக மடிப்புகளில் புல் அடைத்தால் சூடேறும். இரண்டையும் அடிக்கடி துடையுங்கள். மாதக்கணக்கில் டேங்கில் கிடக்கும் பெட்ரோல் கெட்டுப்போய்க் கார்புரேட்டரை அடைக்கும். வெகுநாள் நிறுத்தி வைப்பதென்றால் காலி செய்துவிடுங்கள்.

பிளேடு பேசும்

பிளேடு மழுங்கிவிட்டதா என்று புல்லைப் பார்த்தே சொல்லலாம். வெட்டிய மறுநாள் நுனிகள் பிய்ந்து பழுப்பேறியிருந்தால், பிளேடு புல்லை வெட்டவில்லை, கிழித்திருக்கிறது.

பிளேடைக் கழற்ற மெசினைச் சாய்க்க வேண்டியிருக்கும். முதலில் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றுங்கள். காற்று வடிகட்டி மேல்பக்கம் இருக்கும்படி சாய்த்தால்தான் ஆயில் அதற்குள் இறங்காது. டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கட்டும். தடித்த கையுறை போட்டு, பிளேடு சுழலாதபடி ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டு நட்டைத் திருப்புங்கள்.

தீட்டும்போது பழைய சாய்வுக் கோணத்தையே பின்பற்ற வேண்டும். தீட்டி முடித்ததும், சுவரில் அடித்த ஓர் ஆணியில் பிளேடின் நடுத்துளையை மாட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கம் கனம். இன்னும் கொஞ்சம் அங்கே தீட்ட வேண்டும். எடை சமமில்லாத பிளேடு மெசினையே உதறும், நடு அச்சையும் கெடுக்கும். வளைந்த பிளேடையும் வெடிப்பு விழுந்த பிளேடையும் தட்டி நிமிர்த்திப் பயன்படுத்த வேண்டாம். தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். வெட்டும்போது மெசின் திடீரென்று உதறினாலோ எதிலாவது மோதினாலோ, அந்த இடத்திலேயே நிறுத்திப் பார்த்துவிட வேண்டும்.

காது திரும்ப வராது

மலேசியாவில் 2019-ஆம் ஆண்டின் இரைச்சல் விதிமுறைகள்படி, ஒரு தொழிலாளி எட்டு மணி நேரத்தில் தாங்கக்கூடிய சராசரி இரைச்சலின் வரம்பு 85 டெசிபல். இதில் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88 என்றால் நான்கு மணி நேரம், 91 என்றால் இரண்டு, 94 என்றால் ஒன்றுதான். பெட்ரோலில் ஓடும் புல்வெட்டி, தள்ளுகிறவர் காதருகே 90 டெசிபலைச் சுலபமாகத் தொடும். அப்பா ஒரு நாளில் எத்தனை வீடு வெட்டியிருப்பார் என்று நான் கணக்குப் பார்க்கத் தொடங்கினேன். பாதியிலேயே நிறுத்திவிட்டேன்.

காதுப் பரிசோதனைக்கு அழைத்துப் போனோம். நான் பயந்ததுதான் நடந்தது. உட்காதில் இருக்கும் அந்த நுண்ணிய முடிச் செல்கள் ஒருமுறை செத்தால் மீண்டும் முளைக்காது. இனி இருப்பதைக் காப்பாற்றிக்கொள்வதுதான் வழி.

நம் பங்கு

இதைப் படிக்கும் பலர் புல் வெட்டுகிறவர்கள் அல்ல, வெட்டச் சொல்லிப் பணம் கொடுக்கிறவர்கள். நமக்கும் வேலை இருக்கிறது. அவர் வருகிற நாளில் முற்றத்துக் கற்களையும் பொம்மைகளையும் பொறுக்கி வையுங்கள். காரைத் தள்ளி நிறுத்துங்கள். பிள்ளைகளையும் நாயையும் வீட்டுக்குள் வைத்திருங்கள். தண்ணீர் கொடுக்கப் போவதென்றால், அவர் உங்களைப் பார்த்து மெசினை நிறுத்திய பிறகு கிட்டே போங்கள். மழை பெய்த மறுநாள், "இன்னிக்கே வெட்டியாகணும்" என்று நிற்காதீர்கள். விருந்தாளி வருவது முக்கியம்தான், அவர் கால் அதைவிட முக்கியம்.

தனியாகத் தொழில் செய்கிறவர்கள் வீட்டில் இருந்தால், சுயதொழில் செய்வோருக்கான பெர்கேசோ திட்டத்தைப் பற்றிப் பக்கத்திலுள்ள பெர்கேசோ அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். எங்கள் அப்பாவுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பிள்ளைகள் நாங்களும் சொன்னதில்லை.

அப்பா இப்போது ஷூ போடுகிறார். இயர்மஃப் மாட்டுகிறார், புழுங்குகிறது என்று முணுமுணுத்துக்கொண்டே. கை வலிக்கு மெக்கானிக் அண்ணன் ஒரு வழி செய்தார். துருப்பிடித்துக் கிடந்த கேபிளை மாற்றியதும் கம்பி இலகுவாகிவிட்டது. இத்தனை நாள் அந்த ரப்பர் செய்த வேலையை ஒரு புதுக் கேபிள் செய்திருக்கும். ஒவ்வொரு வீடு முடிந்ததும் பத்து நிமிடம் உட்காரவும் சொல்லியிருக்கிறோம்.

வானொலியின் சத்தம் குறையவில்லை, இனி குறையாது. அதனால் அப்பா வீட்டில் இருக்கும் நேரத்தில் நான் கொஞ்சம் நிதானமாகப் பேசுகிறேன். நேயர்கள் யாராவது கவனித்திருந்தால், காரணம் இதுதான்.

இன்று ஞாயிறு. உங்கள் வீட்டுக் கொட்டகையிலோ, உங்களுக்குப் புல் வெட்ட வருகிறவரிடமோ இப்படி ஒரு மெசின் இருந்தால், ஹேண்டிலை ஒருமுறை பாருங்கள். கம்பி கட்டியிருந்தால் மரியாதையாக, அன்பாகச் சொல்லி அவிழ்த்துவிடுங்கள். அடுத்த வாரம் சந்திப்போம்.