ரோமமில்லாத நாய்

நண்பர் ஒருவர் என் மேஜைமீது ஒரு புகைப்படத்தை வைத்துவிட்டுச் சிரித்தார். “இதுவும் ஒரு நாயா, ஸார்? சொறி பிடித்துத் தெருவில் அலைகிற ஜந்து மாதிரி அல்லவா இருக்கிறது!”

படத்தில் இருந்தது மெக்ஸிகோ தேசத்து நாய். யானைத் தோல் நிறத்தில் வழுவழுப்பான மேனி. வௌவாலுக்கு இருப்பது போல் நிமிர்ந்த காதுகள். முதல் பார்வையில் எனக்கும் சிரிப்புத்தான் வந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் அடுத்த மூச்சில், “ஆனாலும் ஒன்று வாங்கலாமென்று பார்க்கிறேன். ரோமம் கொட்டாது, சீவ வேண்டாம், பெருக்க வேண்டாம். ஒரு தொந்தரவும் இல்லை” என்றாரே, அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது.

பரிகசிப்பவரையாவது மன்னித்துவிடலாம். தொந்தரவில்லாத உயிர் ஒன்று வேண்டுமென்று கேட்பவரை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்த நாய்க்கு ‘ஷோலோஇட்ஸ்குயின்ட்லி’ என்று பெயர். வாய் நோகாமல் ‘ஷோலோ’ என்பார்கள். ஆஸ்டெக் மக்களின் மொழியில் ஷோலோட்ல் ஒரு தெய்வம். இட்ஸ்குயின்ட்லி என்றால் நாய். இறந்தவனின் ஆவியை ஆறு கடத்தி மறுகரை சேர்ப்பது நாய்தான் என்று அவர்கள் நம்பினார்கள். அந்த நாட்டிலேயே நாய் இறைச்சி சந்தைச் சரக்காகவும் இருந்தது. மனிதனின் பக்தியும் பசியும் ஒரே வீட்டில் குடியிருப்பவைதாமே!

இதற்கு ரோமம் ஏன் இல்லை? சாபமும் அல்ல, சொறியும் அல்ல. மரபணு ஒன்றில் நேர்ந்த மாறுதலே காரணமென்று 2008-ல் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். அந்த மாறுதல் பல்லையும் தொடுகிறது. ஆகவே பல ஷோலோக்களுக்குச் சில பற்கள் முளைப்பதேயில்லை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அதைப் பெறுகிற கரு பிறக்காமலே அழிந்துவிடும். அதனால்தான் ரோமமில்லாத ஜோடிக்கும் ஒரே ஈற்றில் ரோமமுள்ள குட்டிகளும் பிறக்கின்றன. அவற்றை ‘இனம் கெட்டவை’ என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. ஒரு தாய் வயிற்றுக் குட்டிகளுக்குள் ஜாதி பிரிக்கிற அறிவை என்னென்பது!

“தொந்தரவில்லை” என்றாரே நண்பர், அதற்கு வருகிறேன். ரோமம் அலங்காரமல்ல, அது ஒரு வேலைக்காரன். வெயிலைத் தடுக்கிறது, குளிரைத் தாங்குகிறது, முள் கீறாமல் காக்கிறது. வேலைக்காரன் இல்லாத வீட்டில் எஜமானன்தான் வேலை செய்யவேண்டும். வெயிலில் விட்டால் ஷோலோவின் தோல், நம் தோலைப் போலவே, வெந்துபோகும். நிழல் தேடித் தரவேண்டும். குளிர் காலத்தில் சட்டை போட்டுவிட வேண்டும். இளம் பிராயத்தில், நம் வாலிபர்களுக்கு வருவதுபோல் பரு வரும். அழுக்குச் சேர விடக் கூடாது. அடிக்கடி சோப்புப் போட்டுத் தோலை வறளவிடவும் கூடாது. எண்ணெயை அப்பினாலோ துவாரங்கள் அடைத்துக்கொள்ளும். இருக்கிற பற்களையும் கவனிக்கவேண்டும்.

இன்னும் இரண்டு புரட்டுகள் உலவுகின்றன. இந்த நாய்க்கு உடம்புச் சூடு அதிகம், கட்டிக்கொண்டு படுத்தால் வாதம் நீங்கும் என்பது ஒன்று. எல்லா நாய்க்கும் உள்ள சூடுதான் இதற்கும். நடுவே ரோமம் இல்லாததால் நம் கைக்கு அதிகமாகத் தெரிகிறது. அது இதமாக இருக்கலாம், மருந்தாகாது. ரோமமில்லாததால் ஒவ்வாமை வராது என்பது மற்றொன்று. அந்த ஒவ்வாமைக்கு மூலம் நாயின் எச்சிலிலும் தோல் செதிலிலும் அல்லவா இருக்கிறது?

அருகிவிட்டதென்று 1959-ல் அமெரிக்கக் கென்னல் கிளப் இந்த இனத்தைத் தன் ஏட்டிலிருந்து நீக்கியது. 2011-ல் மறுபடி சேர்த்துக்கொண்டது. ஏட்டில் இல்லாத அந்த 52 ஆண்டுகளும் நாய் நாயாகத்தான் இருந்தது. மாறியது மனிதனின் மோகம் மட்டுமே. மோகத்தில் வாங்குகிறவன், மோகம் தீர்ந்ததும் என்ன செய்வான்?

மேற்கு மெக்ஸிகோவில் கொலிமா என்றொரு பகுதி. அங்கே சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முந்திய கல்லறைகளில், சுட்ட மண்ணில் செய்த கொழுகொழு நாய்ப் பொம்மைகள் கிடைத்திருக்கின்றன. நண்பரிடம் புகைப்படத்தைத் திருப்பிக் கொடுத்துச் சொன்னேன்: “தொந்தரவே கூடாதென்றால் அப்படியொரு மண் பொம்மை செய்து அலமாரியில் வையுங்கள். ஆனால் ஒன்று, அதற்கும் தூசி தட்டவேண்டியிருக்கும்!”