அட்டையில் இல்லாத இரண்டு

நிலத்தின் குணமறிந்து எருவிட வேண்டுமென்பதை நம் குடியானவர்களுக்கு எவரும் புதிதாய்ப் போதிக்க வேண்டுவதில்லை. அதற்கு ரசாயன சாஸ்திரத்தைத் துணையாக்குவதாகச் சொல்லி, மத்திய சர்க்கார் 2015-ம் வருஷம் பிப்ரவரியில் மண்வள அட்டைத் திட்டத்தை ஆரம்பித்தனர். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கந்தகம், ஐந்து நுண்சத்துக்கள், கார அமில நிலை, உப்பின் மொத்த அளவு, அங்ககக் கரி ஆகப் பன்னிரண்டு விஷயங்களை அட்டை தெரிவிக்கின்றது. திட்டம் நல்லதே. ஆயினும் வாணியம்பாடி, ஆம்பூர் முதல் வேலூர், இராணிப்பேட்டை வரையுள்ள பாலாற்றுப் பிரதேசத்துக்கு இந்தப் பன்னிரண்டும் போதுமா என்பதே நமது கேள்வி.

இங்கே மண் கெட்ட விதம் வேறு. அழுகாமலிருக்கத் தோலில் ஏற்றும் கறியுப்பில் பெரும்பகுதி ஊறவைக்கும் தண்ணீரோடு வெளியேறுகிறது. முன்னாளில் ஆவாரம்பட்டையால் பதனிட்ட தொழில் குரோமிய உப்புக்கு மாறியபின், அந்த உலோகமும் கழிவில் சேர்ந்தது. ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர் செலவாவதாகவும், சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முற்றிலுமோ ஓரளவோ சாகுபடிக்கு உதவாமற் போனதாகவும் 28-8-1996 தேதியிட்ட தீர்ப்பில் சுப்ரீம் கோர்ட்டு எடுத்துக் காட்டியது.

இத்தகைய நிலத்தில் அட்டை என்ன சொல்லும்? உப்பு மிகுதி என்று சொல்லும். களிமண்ணைப் பற்றிக்கொண்ட சோடியம் எவ்வளவு என்று சொல்லாது. வெறும் உப்புநிலமாயின் நல்ல தண்ணீர் பாய்ச்சி வடித்தால் சீர்ப்படும். சோடியம் ஏறிய நிலமோ இறுகித் தண்ணீரைக் கீழே விடாது. முதலில் ஜிப்சம் இட்டுச் சோடியத்தைப் பெயர்க்க வேண்டும். எவ்வளவு ஜிப்சம் என்பதை அந்தப் பரீட்சையே கூறும். அது தெரியாமல் களர்நிலத்தில் யூரியாவைத் தூவினால் கணிசமான பகுதி ஆவியாய்ப் போகும். குளோரைடு கலந்த பொட்டாஷை இட்டால், உப்புக்குமேல் உப்பைச் சேர்த்ததாகும். குரோமியத்தைப் பற்றியோ அட்டையில் ஓர் எழுத்தும் இல்லை. கிணற்று நீரே உப்பாயிருப்பின், எதைக்கொண்டு நிலத்தைக் கழுவுவது?

1996 தீர்ப்பின்படி அமைந்த அதிகார சபை, 2001-ல் 29,193 பேருக்கு ரூ. 26.82 கோடி நஷ்டஈடு நிர்ணயித்தது. 30-1-2025 அன்று சுப்ரீம் கோர்ட்டு மீண்டும் தலையிட்டு, பாக்கி நஷ்டஈட்டை ஆறு வாரத்தில் கொடுக்கவும், பாலாற்றைக் கவனிக்க ஒரு கமிட்டி நியமிக்கவும் உத்தரவிட்டது. கால் நூற்றாண்டு கழித்து வந்தாலும் நியாயம் நியாயமே. ஆனால் நஷ்டஈடு போன விளைச்சலுக்கு விலை, மண்ணுக்கு மருந்தன்று.

தோல் தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடுவதையும், அன்னியச் செலாவணி ஈட்டுவதையும் நாம் மறுக்கவில்லை. அத்தொழிலை அழிக்கச் சொல்லவுமில்லை. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஏற்பட்டதும் உண்மையே. எனினும் முன்பே மண்ணில் இறங்கியதை அவை திரும்ப எடுத்துவிடமாட்டா.

ஆகவே நாம் கேட்பது சொற்பம். இப்பிரதேசத்துக் குடியானவரின் அட்டையில் சோடியம், குரோமியம் என்னும் இரண்டையும் சேர்க்கவேண்டும். வயல் மண்ணோடு கிணற்று நீரையும் பரீட்சிக்கவேண்டும். முடிவை ஜிப்சம் இத்தனை, தக்கைப்பூண்டு இவ்வாறு, இன்ன எரு என்று தெளிந்த தமிழில் எழுதித் தரவேண்டும். செலவு அதிகமென்று அதிகாரிகள் கூறுவராயின், அதற்கும் விடை 1996 தீர்ப்பிலேயே உண்டு. கெடுத்தவர் நஷ்டஈடு கொடுப்பதோடு, கெட்டதைச் சீராக்கும் செலவையும் ஏற்கவேண்டுமென்பது அதில் கண்ட விதி. அந்தப் பணத்தைப் பரீட்சைக்கும் ஜிப்சத்துக்கும் ஏன் செலவிடலாகாது?

அட்டை வழங்கிய எண்ணிக்கையைச் சர்க்கார் பெருமையோடு வெளியிடுகின்றனர். ஆம்பூர்க் குடியானவன் கேட்பது எண்ணிக்கையன்று; தன் நிலம் பிழைக்குமா என்பதே. அக்கேள்விக்கு விடை தராத அட்டை வெறுங் காகிதமே. கிராமந்தோறும் இக்கோரிக்கையைத் தீர்மானமாக நிறைவேற்றி அனுப்புவது நம் ஊழியர்களின் உடனடிக் கடமையாகும்.