கடைசி ரீலில் சாகும் கேப்டன்

இந்தோனேசியச் சண்டைப் படங்களில் டச்சு அதிகாரிக்குப் பெரும்பாலும் ஒரே வேலைதான்: ஊரைப் படாதபாடு படுத்திவிட்டு, கடைசி ரீலில் செத்துப்போவது. 1981-இல் வந்த ‘ஜாக்கா செம்புங்’ அந்த வகையில் பேர்போன படம். ஜைர் வரைந்த சித்திரக்கதையைத் திரைக்குக் கொண்டுவந்தவர் சிஸ்வோரோ கௌதம புத்ரா; நாயகன் பாரி பிரிமா. கட்டாய உழைப்பிலிருந்து தப்பிய ஜாக்கா செம்புங் என்பவன் சிலாட் என்ற தற்காப்பு வித்தையாலும் இறைநம்பிக்கையாலும் ஊரைத் திரட்டுகிறான்.

அவனை ஒழிக்க டச்சு கேப்டன் துப்பாக்கியை மட்டும் நம்பவில்லை. செத்துப் புதைந்த கி ஹித்தம் என்ற உள்ளூர் முரடனை மந்திரத்தால் எழுப்பச் செய்கிறான். கி ஹித்தம் கற்றது ‘ராவா ரொந்தெக்’ வித்தை: துண்டாக வெட்டினாலும் மண்ணைத் தொட்டதும் உடல் ஒட்டிக்கொள்ளும். மண் படாமல் தூக்கிவைத்தால்தான் அவனுக்குச் சாவு. இயக்குநர் நினைத்துச் செய்தாரோ இல்லையோ, படத்தில் உள்ள உண்மையான அரசியல் இதுதான்.

ஏனென்றால் ஜாவாவில் டச்சு ஆட்சி நின்றதும் உள்ளூர் மண்ணில் கால் பதித்துத்தான். 1830-இல் டச்சு கவர்னர் ஜெனரல் ஃபான் டென் போஷ் கொண்டுவந்த கட்டாயச் சாகுபடி முறைப்படி, கிராம நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கில் காபி, கரும்பு, அவுரி விளைவித்து அரசுக்குத் தர வேண்டும். நடைமுறையில் சுமை அதற்கும் மேலே போனது. விளைச்சலுக்கு ஏற்பக் கமிஷன் வெள்ளை அதிகாரிக்கு மட்டுமல்ல, புபாத்தி எனப்படும் ஜாவாப் பிரபுவுக்கும் கிராமத் தலைவருக்கும் போனது. உழவனின் எருமையை ஓட்டிக்கொண்டு போனவன் பல நேரம் அவன் மொழியே பேசினான்.

ஜாவாவின் லெபாக்கில் டச்சு அதிகாரியாக இருந்த டௌவெஸ் டெக்கர் 1856-இல் புபாத்தியின் மீதே குற்றம் சாட்டி, மேலிடம் கைவிட்டதும் பதவியைத் துறந்தார். முல்தாத்துலி என்ற புனைபெயரில் 1860-இல் அவர் வெளியிட்ட ‘மாக்ஸ் ஹாவலார்’ அந்த அனுபவத்தில் பிறந்த நாவல். ஃபோன்ஸ் ராடெமாக்கர்ஸ் 1976-இல் அதைப் படமாக்கினார். இந்தோனேசியாவின் சுஹார்த்தோ அரசு பத்தாண்டுக்கு மேல் அதைத் திரையிட விடவில்லை. சுரண்டலில் உள்ளூர்ப் பிரபுவுக்கும் பங்கு காட்டியதே பெரிய உறுத்தல் என்பார்கள். வெள்ளைக் கேப்டனை எதிர்த்து நிற்கும் ஜாக்கா செம்புங்கோ அதே ஆட்சியில் தாராளமாக ஓடி, தொடர்ச்சிப் படங்களையும் கண்டான்.

இதற்காக ஜாக்கா செம்புங்கை மட்டம்தட்ட மாட்டேன். அதன் சண்டைகளில் முரட்டு உற்சாகம் இருக்கிறது. அபத்தமும் அதே அளவுக்கு. ஆனால் கேப்டன் செத்த மறுவாரமும் அவுரி வயலுக்குக் கணக்கெழுத ஒருவர் வந்திருப்பார். அவர் ஜாவாக்காரர். படத்தில் அவருக்கு வசனம் எழுதியிருந்தால், தணிக்கைக் குழுவின் கத்தரி முதலில் அங்கேதான் போயிருக்கும்.