அஞ்சலில் சேராத மடல்கள்



ஒருவர் மறைந்தபின் அவர்தம் நிலமும் வீடும் மரமும் யாரைச் சேரும் என்பதற்குச் சட்டம் உண்டு, ஆவணம் உண்டு, அலுவலகமும் உண்டு. அவர் நாவில் வாழ்ந்த சொற்கள் யாரைச் சேரும் என்பதற்கு ஒன்றுமில்லை. கேட்டு வாங்கிக் கொள்வார் இலரேல் அவை அவரோடு எரிந்துபோம். கடந்த ஐப்பசித் திங்களில் இதனை என் வீட்டுத் திண்ணையிலேயே கண்டேன்.

உடன்குடியை அடுத்த தேரிக்காட்டுச் சிற்றூர் ஒன்றில் 86 அகவை நிறைந்த மூதாட்டியார் ஒருவர் இயற்கை எய்தினார். அவர் மகனும் யானும் ஒரே பள்ளியில் உடன்பயின்றோம். அவ்வம்மையார் கையால் பதநீர் பருகியும் பனங்கிழங்கு தின்றும் வளர்ந்தவன் யான். அவர்தம் பெயர்த்தி 30 அகவையினள். இலண்டன் மாநகரில் வைப்பகம் ஒன்றில் உயர்பொறுப்பில் இருப்பவள். அவள் வானூர்தி ஏறி ஊர் வந்து சேர்ந்தபோது எரியூட்டி இரண்டு நாளாகியிருந்தது.

நான்காம் நாள் அவள் என்னைக் காண வந்தாள். கையில் ஓர் ஓலைப்பெட்டி. பெட்டி நிறைய மடல்கள். எல்லாம் அவள் பெயருக்கு எழுதப்பட்டவை. ஒன்றேனும் அஞ்சலில் சேர்க்கப்படாதவை. "ஆச்சி ஏன் ஐயா இவற்றை அனுப்பவில்லை?" என்று வினவினாள். கரணியம் யான் அறிவேன். பெயர்த்திக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்று மகன் சொன்ன நாள்முதல் அம்மையார் எழுதுவதை நிறுத்தவில்லை, அனுப்புவதை நிறுத்திவிட்டார். அதனை அவள் முகம்பார்த்துச் சொல்ல எனக்கு நா எழவில்லை. மடல்களைப் பிரித்துப் படித்துக் காட்டலானேன்.

"விடிலியில் அடுப்பேற்றிவிட்டோம்" என்று தொடங்கியது ஒரு மடல். "விடிலி என்றால் என்ன ஐயா?" என்றாள் அவள். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவி இறக்கிய பதநீரைக் காய்ச்சுதற்குப் பனங்காட்டில் ஓலையால் வேயும் குடிலே விடிலி என்றும், அங்குக் காய்ச்சிய பாகைச் சிரட்டையில் வார்த்தெடுப்பதே கருப்பட்டி என்றும் கூறினேன். அடுத்தடுத்த மடல்களில் அலகுப்பனை வந்தது, பருவப்பனை வந்தது, வடலி, குருத்தோலை, காவோலை, பாளை, குரும்பை எல்லாம் வந்தன. ஆண்பனை அலகு, பெண்பனை பருவம், இளம்பனை வடலி என ஒவ்வொன்றாய் விளக்கினேன். "ஒரு மரத்துக்கு இத்தனை சொற்களா!" என்று வியந்தவள், சற்றுப் பொறுத்து அழுதுவிட்டாள்.

சாவு வீட்டில் நம்மவர் சிலர், "பெண்ணைப் பெரும்படிப்புப் படிக்க வைத்ததன் பயன் இது" என்று முணுமுணுத்தனர். அது பொய்யுரை, தமிழுக்கும் ஒவ்வாத உரை. பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்தைப் பாடிச் சேரனிடம் பொன் பெற்ற காக்கைபாடினியார் நச்செள்ளையார் பெண் அல்லரோ? 1916ஆம் ஆண்டில் மறைமலையடிகள் வள்ளலார் பாட்டொன்றில் 'தேகம்' என்னும் வடசொல் நின்ற இடத்தில் 'யாக்கை' நின்றிருப்பின் எத்துணை இனிமை என்று சொல்ல, அதனைப் பற்றிக்கொண்டு தனித்தமிழுக்கு வித்திட்டவர் அவர் மகளார் நீலாம்பிகை அன்றோ? 1937இல் வடசொல் தமிழ் அகரவரிசையை ஆக்கித் தந்தவரும் அவரே. பெண் கற்றதனால் தமிழ் கெடவில்லை. தமிழ் கல்லாமலே கற்றவளாகலாம் என்று அவளுக்கு வழியமைத்துக் கொடுத்தோமே, அதனாற் கெட்டது.

வழியமைத்தவர் யார்? முதலாமவர் அவள் தந்தை. பள்ளிக் காலத்தில் தமிழ்ப் பேச்சுப் போட்டியில் என்னை வென்று பரிசு பெற்றவர் அவர். இன்றும் ஊரில் தமிழ்விழா எனின் மேடையேறி முழங்குவார். ஆயின் மகளைச் சென்னையில் ஓர் ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தபோது, மதிப்பெண் மிகும் என்று தமிழை நீக்கிப் பிரஞ்சு மொழியை எடுக்கச் செய்தார். மேடையில் தமிழ், மகளுக்குப் பிரஞ்சு!

இரண்டாவது, காலந்தாழ்ந்து வந்த சட்டம். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறியது. அது முதல் வகுப்பில் நுழைந்தபோது இவள் ஆறாம் வகுப்பில் இருந்தாள். பள்ளி முடியும்வரை அது இவளை எட்டவே இல்லை. அச்சட்டமும் பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகின்றது. மேனிலை வகுப்பில் மதிப்பெண்ணுக்காகத் தமிழை உதறுவார் இன்றும் உளர்.

மூன்றாமவன் யானே. இதனைச் சொல்லாது விடுவேனாயின் மேற்கூறிய யாவும் வெறும் பழிதூற்றலாகும். ஆசிரியப்பணி ஏற்ற தொடக்க ஆண்டுகளில், பனைத்தொழிலாளி ஒருவரின் மகன் தன் கட்டுரையில் 'விடிலி' என்று எழுதியிருந்தான். அதனைக் கொச்சை எனக் கருதிச் சிவப்பு மையால் வட்டமிட்டு, மேலே 'குடிசை' என்று எழுதிக் கொடுத்தேன். நூலில் இல்லாதது பிழை என்பது அன்றைய என் அறியாமை. தொல்காப்பியப் பாயிரமோ செய்யுளுக்கு முன்னே வழக்கை வைக்கின்றது. அந்நூலின் மரபியல், புறத்தே வயிரமுடையவற்றைப் புல்லென வகுத்து, அவற்றின் உறுப்பாகக் கூறும் மடல், ஓலை, பாளை, ஈர்க்கு, குலை என்பன யாவும் அவ்வம்மையார் நாவில் அன்றாடம் புழங்கிய சொற்கள். உலகவழக்குச் சொற்கள் பல விடுபட்டமைக்காகச் சென்னைப் பல்கலைக்கழக அகராதியைக் கடிந்தெழுதியவர் பாவாணர். அவரைப் போற்றிக்கொண்டே அவர் தேடிய சொல்லை ஒரு சிறுவனின் தாளில் அடித்தவன் யான். வடசொல்லைக் களைவதில் நாம் காட்டிய விழிப்பில் பாதியளவேனும் ஊர்ச்சொல்லைக் காப்பதில் காட்டினோமா?

அப்பெண் ஊரில் தங்கியது பதினோரு நாள். மாலைதோறும் திண்ணைக்கு வந்து எழுத்துக் கூட்டப் பயின்றாள். புறப்படும் நாளில் ஒரு மடலின் முதல் நான்கு வரிகளைத் தானே படித்தாள். எஞ்சியவற்றை இலண்டனில் படிப்பதாகச் சொல்லிப் பெட்டியை எடுத்துச் சென்றாள். படிப்பாள் என்றே நம்புகின்றேன். ஆயினும் ஐயந்தோன்றும் இடங்களில் கேட்டறிய ஆச்சி இல்லை.

ஆகலின் அன்பர்களே, மாநாட்டுத் தீர்மானத்திற்கு முன்னே வீட்டில் செய்யவேண்டியவை மூன்று. நம் பிள்ளைகள் மேனிலை வகுப்பிலும் தமிழே எடுக்கட்டும். ஐந்து மதிப்பெண் குறையின் குறையட்டும். வெளியூரிலும் வெளிநாட்டிலும் வாழும் பெயரன் பெயர்த்தியர்க்குத் திங்கள்தோறும் ஒரு மடல் தமிழில் எழுதுக; அவர்களும் ஒரு வரியேனும் தமிழில் விடையெழுதுமாறு செய்க. வீட்டில் மூத்தோர் இருப்பின், இன்று மாலையே ஒரு சுவடியை எடுத்துக்கொண்டு அருகில் அமர்ந்து, அவர் தொழிலின் சொற்களைக் கேட்டு எழுதுக. உழவர், மீனவர், தச்சர், நெய்வார் என எவராயினும் சரி. கொச்சை என்று ஒன்றையும் தள்ளற்க.

பாட்டியர் இருக்கும்போதே இதனைச் செய்ம்மின்!