இனயத்துக்கும் நிழல் வேண்டும்

2025 பிப்ரவரியிலேயே மும்பை, கோவா கரைகளுக்கு வெப்ப அலை எச்சரிக்கை வந்தது. அதே அரபிக்கடல் கரையில்தான் தமிழக மீனவ ஊரான இனயமும் இருக்கிறது. கடலோரத்தில் 37 டிகிரி செல்சியஸைத் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரி கூடினால்தான் வானிலைத் துறைக்கு அது வெப்ப அலை. ஆனால் ஈரக்காற்றில் வியர்வை உலராது. 34 டிகிரியே ஆளைச் சாய்த்துவிடும். இந்தப் புழுக்கத்தையும் கணக்கில் கொண்டே கடலோர எச்சரிக்கை அமைய வேண்டும்.

தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறப்போர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. நல்ல முடிவு. ஆனால் கொதிக்கும் மணலில் வலை சீராக்குகிறவர்களுக்கும், மீன்கூடை சுமந்து தெருத்தெருவாக நடக்கும் பெண்களுக்கும் உயிரோடு இருக்கும்போதே உதவி வேண்டும். நிழற்கூரை, குடிநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் ஆகியவற்றைக் கோடைக்கு முன்பே மாவட்ட நிர்வாகம் கரையில் வைக்கட்டும்.