மருத்துவர்மேல் ஓங்கிய கை



2024-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள், சென்னை கிண்டியிலுள்ள கலைஞர் நூற்றாண்டு உயர்சிறப்பு மருத்துவமனையில், புற்றுநோய் மருத்துவர் பாலாஜி பணியிலிருந்த அறையிலேயே கத்தியால் குத்தப்பட்டார். குத்தியவன் கொள்ளையனும் அல்லன், கூலிக்கு அமர்த்தப்பட்டவனும் அல்லன். அங்குச் சிகிச்சை பெற்ற ஒரு தாயின் மகன். தாய்க்கு உரிய சிகிச்சை கிடைக்கவில்லை என்பது அவன் மனத்தாங்கல். இறையருளால் மருத்துவர் பிழைத்துக்கொண்டார்.

2012 சனவரி 2-ஆம் நாள் தூத்துக்குடியில் மருத்துவர் சேதுலட்சுமிக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. மயக்க மருந்து வல்லுநரான அவரை அவருடைய மருத்துவ நிலையத்திலேயே வெட்டிக் கொன்றனர். கருவுற்றிருந்த மனைவியைப் பறிகொடுத்த கணவனே அதன் முன்னின்றவன். மருத்துவர்கள் தமிழகமெங்கும் பணியைப் புறக்கணித்துத் தெருவில் நின்றனர்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் கேட்டவுடன், “கலிகாலம்” என்று சொல்லிக் கடந்து போவது எளிது. ஆனால் கத்தி எடுத்தவர் ஒருவர் மகன், மற்றவர் கணவன் என்பதை நாம் சற்றே நின்று நோக்க வேண்டும். நம் இல்லங்களில் உள்ள உறவுகளே இவை. குற்றத்தை எவ்வகையிலும் நாம் நியாயப்படுத்தவில்லை. இறந்தவர் எழுந்து வராத நிலையில், இன்னோர் உயிரை வீழ்த்துவது நியாயம் ஆகாது. எனினும் காரணத்தை அறியாமல் பரிகாரம் தேடுவோர் எங்ஙனம் தேடுவர்?

சட்டம் இல்லாமல் இல்லை. மருத்துவப் பணியாளரை வன்முறையிலிருந்து காக்கத் தமிழகம் 2008-ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றிவிட்டது. 10 ஆண்டு வரை சிறை. எளிதில் பிணையும் கிடையாது. தூத்துக்குடிக் கொலை நடந்தபோது அச்சட்டத்துக்கு வயது மூன்றைத் தாண்டியிருந்தது. அண்டை மாநிலமான கேரளத்தில், 2023 மே 10-ஆம் நாள் கொட்டாரக்கரை மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் வந்தனா தாஸ் குத்திக் கொல்லப்பட்டபோது, கொன்றவனைச் சிகிச்சைக்காக அழைத்து வந்தவர்களே காவல்துறையினர்தாம். அது மனத்தாங்கலால் விளைந்ததன்று, வேறு வகை. அதன் பின் கேரள அரசும் அவசரச் சட்டத்தால் தண்டனையைக் கடுமையாக்கிற்று. சட்டம் வேண்டும், வாயிற்காவலும் வேண்டும். ஆனால் துயரத்தால் அறிவிழந்து நிற்பவன் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கையை ஓங்குவதில்லை.

நம் தேவாரம் பகுதியையே எடுத்துக்கொள்வோம். விடியுமுன் ஜீப்பேறி ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் ஒரு தாய்க்கு மலைமேல் ஏதேனும் நேர்ந்தால், வளைவுப் பாதையில் இறக்கிக் கொண்டுவரவே நெடுநேரம் ஆகும். கீழே முதலுதவி செய்து, “பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்” என்பார்கள். கானாவிலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இங்கிருந்து நாற்பது கிலோமீட்டருக்குக் குறையாது. அங்குப் போய்ச் சேர்ந்தபின் உயிர் பிரிந்தால், கடைசியாகத் தொட்ட மருத்துவர்தாமே கண்ணுக்குத் தெரிகிறார்? மலையில் கழிந்த நேரமும், வண்டி தேடிய நேரமும், நாட்டு மருந்து கொடுத்துப் பார்ப்போம் என்று காத்திருந்த இரண்டு நாளும் கண்ணுக்குத் தெரிவதில்லை. தனியார் மருத்துவமனையாயின், தாலியை அடகு வைத்துக் கட்டிய பணமும் நெஞ்சில் எரிகிறது.

இன்னொன்றும் உண்டு, சொல்லத் தயக்கமாகவே இருக்கிறது. நோயாளியோடு தெருவே திரண்டு போவது நம் ஊரின் நற்குணம். ஒருவருக்கு ஒன்றென்றால் இருபது பேர் வண்டியேறுகிறோம். பட்டணத்தில் அடுத்த வீட்டில் சாவு விழுந்தாலும் கதவு திறவாதவர்களைக் கண்ட நமக்கு, இது பெருமையே. ஆயினும் மருத்துவர் சொல்லும் செய்தி ஒருவர் காதில் விழுந்து இருபதாம் ஆளிடம் போய்ச் சேரும்போது வேறு செய்தியாகிவிடுகிறது. “கவலைக்கிடம்” என்றது “கைவிட்டு விட்டார்கள்” என்றாகிறது. அந்த இருபது பேரில் குடித்திருப்பவர் ஒருவர் போதும். துயரப்படும் மகன் அழுதுகொண்டிருப்பான். கண்ணாடியை உடைப்பவர் தூரத்து உறவினராய் இருப்பார்.

மருத்துவர் பக்கத்தில் குறையே இல்லையென நாம் சாதிக்கவில்லை. வரிசையில் நூறு பேர் நிற்க, ஒருவருக்கு இரண்டு நிமிடம்கூட ஒதுக்க இயலாத நிலையில் அவர்கள் இருக்கிறார்கள். இரவும் பகலும் தொடர்ந்து விழித்த இளம் மருத்துவரிடம், மரணச் செய்தியைச் சொல்லும் கடினமான பணி விடப்படுகிறது. எப்படிச் சொல்வதென்று அவருக்குக் கற்பித்தவர் யார்? நடு இரவில் நோயில்பூசுதல் கொடுக்கச் செல்லும் குருக்களாகிய நாமே அந்தப் பேச்சில் தடுமாறுவதுண்டு. வேறொரு மருத்துவர், “இதை முன்னமே பார்த்திருக்கலாமே” என்று பொறுப்பின்றி விடும் ஒரு சொல்லும் தீப்பொறியாகிறது.

சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரம் மருத்துவரை மதிக்கச் சொல்கிறது. அதே இடத்தில், மருத்துவரும் ஆண்டவரிடம் மன்றாடுபவர் என்றும் காட்டுகிறது. நாமோ அவரைக் காலையில் கடவுள் என்கிறோம். மாலையில் கொலைகாரன் என்கிறோம். நம் பங்குகளின் பெண்மக்கள் எத்தனையோ பேர் ஊரூராகச் செவிலியராய்ப் பணிபுரிகிறார்கள் என்பதையும் அவ்வேளையில் மறந்துவிடுகிறோம்.

தவறு நடந்ததென உண்மையிலேயே ஐயம் எழுந்தால் என்ன செய்வது? மருத்துவக் குறிப்புகளின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தரவேண்டுமென மருத்துவர்க்கான 2002-ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் கூறுகின்றன. பணம் கொடுத்துப் பெற்ற சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டதென உச்ச நீதிமன்றம் 1995-லேயே தீர்ப்பளித்துள்ளது. நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். அரசு மருத்துவமனையாயினும் தமிழ்நாடு மருத்துவ மன்றத்துக்கு எழுதலாம். இவ்வழிகள் மெதுவானவை என்பதையும் நாம் மறைக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவர் துணையின்றி ஏழைக்கு இவை எட்டாக்கனியே.

ஆதலால் நம் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையாரிடம் ஒரு வேண்டுகோள் வைத்துள்ளோம். மலையிலிருந்தோ ஊரிலிருந்தோ நோயாளி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லப்படும்போது, நிதானமுள்ள உறுப்பினர் ஒருவர் உடன் செல்லவேண்டும். மருத்துவரிடம் பேசுபவர் அவரும் குடும்பத்தில் ஒருவரும் மட்டுமே. மற்றவர்கள் வெளியே மரநிழலில் அமர்ந்து செபமாலை சொல்லட்டும். பின்னர் மனு எழுத நேர்ந்தால், அதையும் அவரே எழுதித் தருவார். இருவர் இதற்கு இசைந்துவிட்டனர். இன்னும் நால்வர் தேவை. ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் பங்கு இல்லத்தில் பெயர் கொடுக்கலாம்.