இல்லற மேடை: சக்கரத்தின்மேல் ஒரு வீடு



ஜோலார்பேட்டை பிறரை வழியனுப்பி வைக்கும் ஊர். 1864இல் இங்கிருந்து பெங்களூருக்கு இருப்புப்பாதை பிரிந்த காலந்தொட்டு, இரவும் பகலும் இவ்வழியே வண்டிகள் வந்தவண்ணம் இருக்கின்றன. அவற்றை ஓட்டியவர்களும், கொடியசைத்தவர்களும், பழுது பார்த்தவர்களும் பலர் இங்கே ஓய்வூதியம் பெற்று வாழ்கின்றனர். மனைவியோடு பயணம் செய்ய இரயில்வே வழங்கும் பாஸ் அவர்களுக்கு உண்டு. ஆயினும், அதை எழுதி வாங்காமலே ஆண்டுகள் கழிகின்ற இல்லங்கள் எத்தனை! நாற்பதாண்டு இரயிலோடு வாழ்ந்த கணவருக்கு வாய்த்த மனைவி, சென்னைக்கு அப்பால் கடலையே கண்டதில்லை என்றால் அது வியப்பன்று; வருத்தத்திற்குரியது.

இம்மாதம் நாம் பேசப்போவது, முதுமையில் கணவனும் மனைவியும் சேர்ந்து செய்யும் நெடும்பயணத்தைப் பற்றி.

நம் முன்னோர் திருவிழாக்களுக்குக் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு புறப்பட்டனர். அரிசி, பருப்பு, பாய், படுக்கை யாவும் வண்டியிலே ஏறும். போகிற வழியில் மரநிழலில் மாட்டை அவிழ்த்து, மூன்று கல் கூட்டிப் பொங்கி உண்பர். இரவானால் வண்டியே வீடு. இன்று ஆஸ்திரேலியாவில் அதே கூண்டு வண்டி உருமாறி ஓடுகின்றது. அதன் பெயர் கேரவன். நம் நாட்டில் இச்சொல்லைக் கேட்டதும் படப்பிடிப்புத் தளத்து நடிகர்கள்தாம் நினைவுக்கு வருவர். அங்கோ, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சாதாரணத் தம்பதியர் அதனைத் தம் மோட்டார் காரின் பின்னே பூட்டிக்கொண்டு மாதக்கணக்கில் நாட்டைச் சுற்றி வருகின்றனர். உள்ளே கட்டில், அடுப்பு, சிறிய குளிர்சாதனப் பெட்டி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அடக்கம். இத்தகையோருக்கு அந்நாட்டார் ‘நரைத்த நாடோடிகள்’ என்று அன்போடு பெயர் சூட்டியிருக்கின்றனர்.

அக்கண்டத்தைச் சுற்றி ஓடும் முதலாம் நெடுஞ்சாலை ஏறத்தாழ 14,500 கிலோமீட்டர் நீளமுடையது. பரப்பளவில் நம் நாட்டைப்போல் இரு மடங்குக்கும் மேற்பட்ட அந்தப் பெருநிலத்தில், தமிழ்நாட்டு மக்கள்தொகையில் பாதிகூட இல்லை. ஆதலின் ஊருக்கும் ஊருக்கும் இடையே வெறுமை விரிந்து கிடக்கும். தெற்கே நல்லர்பார் என்றொரு சமவெளி உண்டு. இலத்தீன் மொழியில் ‘மரமே இல்லை’ என்று பொருள்படும் பெயர் அது. அங்கே ஓரிடத்தில் சாலை ஏறக்குறைய 146 கிலோமீட்டர் தூரம் ஒரு வளைவுமின்றி நேரே செல்கின்றது. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் வரை ஒரே நேர்கோட்டில் வண்டி ஓட்டுவதாக எண்ணிப் பாருங்கள்! அவ்வறண்ட நிலத்தின் ஓரத்திலேயே செங்குத்தான பாறைகளும், அவற்றின் அடியில் நீலக்கடலும். குளிர்காலத்தில் திமிங்கலங்கள் தம் குட்டிகளோடு வந்து அங்கே தங்குகின்றன.

உள்நாட்டில் கூபர் பீடி என்னும் ஊர் 1915இல் ஓப்பல் என்ற மணிக்கல் கண்டெடுக்கப்பட்டதால் உண்டானது. கோடை வெயில் தாங்கமாட்டாமல் மக்கள் பாறையைக் குடைந்து நிலத்தடியில் வாழ்கின்றனர். அங்குள்ள கத்தோலிக்க ஆலயமும் நிலத்தடியிலேயே அமைந்துள்ளது. பெனோலா என்ற சிற்றூரிலே 1866இல் ஒரு குதிரை இலாயத்தில் ஏழைப் பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கிய மேரி மெக்கில்லப் அம்மையார், 2010இல் புனிதராக உயர்த்தப்பட்டார். மருத்துவரே இல்லாத தொலைவிடங்களுக்கு விமானத்தில் மருத்துவரை அனுப்பும் பணி, ஜான் ஃபிளின் என்ற பிரஸ்பிட்டேரியன் போதகரின் முயற்சியால் 1928இல் தொடங்கி இன்றளவும் நடைபெறுகின்றது. வெறுமையான நிலமே மனிதரை ஒருவர்க்கொருவர் உதவச் செய்கின்றது போலும்!

கேட்பதற்கு இனிமையாக இருக்கும் இப்பயணம், இல்லறத்தைப் பொறுத்தவரை ஒரு கடுமையான தேர்வு என்பதையும் சொல்லவேண்டும். ஓர் அறையளவே உள்ள இடத்தில் இருவர் பல மாதங்கள் வாழவேண்டும். கோபித்துக்கொண்டு திண்ணைக்குப் போக வழியில்லை. தாய்வீட்டுக்குப் போகவும் வழியில்லை. மாலையில் தங்குமிடம் சேர்ந்ததும் வண்டியைப் பின்னோக்கி நிறுத்தவேண்டும். ஒருவர் ஓட்ட, மற்றவர் பின்னே நின்று கையசைத்து வழிகாட்டுவார். ‘இடப்பக்கம் என்றேனே!’ ‘யாருடைய இடப்பக்கம்?’ என்று பூசல் மூளும். அந்தி சாய்ந்தபின் கங்காருகள் சாலையில் குறுக்கிடும். ஆகையால் இருட்டுமுன் நிறுத்திவிடவேண்டும் என்பார் ஒருவர், இன்னும் சிறிது தூரம் போகலாம் என்பார் மற்றவர். தண்ணீரையோ அளந்துதான் செலவிடவேண்டும். 2019 ஜூலையில் நம் ஊரிலிருந்து சென்னைக்கு இரயிலில் குடிநீர் சென்றதைக் கண்ணாரக் கண்ட நமக்கு, அதன் அருமையை எவரும் விளக்க வேண்டியதில்லை.

ஆயினும் இச்சிறு பூசல்களிலேதான் ஒரு நன்மை ஒளிந்திருக்கின்றது. வீட்டில் ஒருவர் உழைப்பு மற்றவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. கணவர் ஷெட்டிலோ தோல் தொழிற்சாலையிலோ பட்ட பாட்டை மனைவி பார்த்ததில்லை. அடுப்படியில் மனைவி பட்ட பாட்டைக் கணவர் பார்த்தும் பார்த்ததில்லை. பயணத்திலோ இருவர் வேலையும் இருவர் கண்முன்னே நடக்கின்றது.

‘அது செல்வம் கொழிக்கும் நாடு, நமக்கு ஆகுமா?’ என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு விடையாகக் கொச்சியில் வாழ்ந்த ஒரு தம்பதியரைக் காட்டுவேன். கே. ஆர். விஜயனும் அவர் மனைவி மோகனாவும் ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ் என்ற சிறிய தேநீர்க் கடை நடத்தினர். வேலைக்கு ஆள் வைக்காமல் தாங்களே உழைத்து, நாள்தோறும் 300 ரூபாயை ஒதுக்கி வைத்தனர். போதாததற்குக் கடன் வாங்கிப் பயணம் போய்வந்து, அக்கடனை அடைத்தபின் அடுத்த பயணத்திற்கு ஆயத்தமாயினர். 2007இல் இஸ்ரேலுக்குப் போனதில் தொடங்கிய அவர்கள், 2021 முடிவதற்குள் 26 நாடுகளைக் கண்டனர். தொழிலதிபர் ஆனந்த் மகிந்திராவின் உதவியால் 2019இல் ஆஸ்திரேலியாவையும் நியூசிலாந்தையும் பார்த்தனர். 2021 அக்டோபரில் இருவரும் இரஷ்யா சென்று திரும்பினர். அடுத்த மாதமே, தம் 71ஆம் வயதில், விஜயன் மாரடைப்பால் காலமானார்.

இதைப் படிக்கும்போது நம் நெஞ்சம் கனக்கின்றது. ஆனால் சற்றே எண்ணிப் பாருங்கள். ‘கடன் தீரட்டும், கடை பெரிதாகட்டும், பிறகு பார்ப்போம்’ என்று அவர் ஒத்திப்போட்டிருந்தால், மோகனா அம்மாளுக்கு எஞ்சியிருப்பது என்ன? நாம் ஒத்திப்போடுவதில் வல்லவர்கள். மகளுக்குத் திருமணம் முடியட்டும் என்போம்; பின்னர் அவள் பிரசவம்; பின்னர் பேரப்பிள்ளையின் பள்ளிக்கூடம். அக்கடமைகளை விடச் சொல்லவில்லை. கடன் வாங்கச் சொல்லவும் இல்லை. விஜயனுக்கு நாள்தோறும் கல்லாப்பெட்டி நிறைந்தது, ஓய்வூதியக்காரர் நிலை அதுவன்று. அவர்களிடம் நாம் கற்கத்தக்கது, அன்றாடம் சிறுதொகை ஒதுக்கும் பழக்கமும், ‘நாமிருவரும்’ என்ற எண்ணமுமே.

நமக்கேற்ற வழியும் உண்டு. பாஸ் இருப்பவர்கள் அதனைப் பயன்படுத்துங்கள். கடற்கரையோரமாக ஒரு பத்து நாள் போய்வாருங்கள். தரங்கம்பாடியில் 1620இல் டேனியர் எழுப்பிய கோட்டை அலையோரம் நிற்கின்றது. அதற்குத் தெற்கே வேளாங்கண்ணி. அங்கும் ஓடிப்போய் ஓடிவராமல் இரண்டு நாள் தங்குங்கள். பின்னர் தூத்துக்குடி பனிமய மாதா ஆலயம், அதற்கப்பால் புனித சவேரியார் தங்கியதாக மக்கள் போற்றும் மணப்பாட்டுக் குகை, முடிவில் கன்னியாகுமரி.

புறப்படுமுன் சில யோசனைகள். எங்கே போவது என்பதை மனைவியும் முடிவு செய்யட்டும். மருந்துகளையும் மருத்துவர் சீட்டையும் கைப்பையில் வையுங்கள். ஒரே நாளில் இரண்டு ஊர் பார்க்க முயலாதீர்கள். உணவைக் கடையில் உண்ணுங்கள். அம்மாளுக்கும் விடுமுறை வேண்டாமா? பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு சொல். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் நீங்கள், பெற்றோருக்கு இரண்டு பயணச்சீட்டும் எடுத்து அனுப்புங்கள். அந்தப் பத்து நாளும் பேரக்குழந்தையைக் கவனிக்க வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

துணையை இழந்து தனித்திருக்கும் வாசகர் இதனைப் படித்து ஏங்கக்கூடும். அவர்களை அழைத்துச் செல்வது அண்டை வீட்டாரின் கடமை. கூண்டு வண்டியிலே எப்போதும் இன்னொருவருக்கு இடம் இருந்தது அன்றோ?

ஆகவே, இன்றிரவு உணவுக்குப்பின் கணவன்மார் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘நீ பார்க்க ஆசைப்பட்ட ஊர் எது?’ விடை உடனே வராது. நெடுநாள் எவரும் கேளாத கேள்வியன்றோ? பொறுத்திருந்து கேளுங்கள்; சொன்னதும் நாட்காட்டியை எடுத்து ஒரு தேதியைக் குறித்துவிடுங்கள்.